உட்கார்ந்திருக்கும் வெண்கல அக்கா

என் வீட்டுக்காரருக்கு நான் செய்யும் சிலைகளைப் பார்த்தால் பயம். பட்டறையின் உள்ளறையில் ஐந்து சிலைகள் வரிசையாக நிற்கும். அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் போவார். "ஏன் அம்மிணி, ஒரு புள்ளையாரு, ஒரு மயிலு, இப்பிடி எதாச்சும் செஞ்சா ஆகாதா? இதுகளப் பாத்தா சோறு எறங்க மாட்டீங்குது" என்பார். அவர் மேல் தப்பில்லை. மார்க்கெட்டில் குப்பை பிரிக்கிற பெண், எமரால்டு ஊர்ப்பக்கம் பனியில் நின்று கேரட் கழுவுகிற ஆள், பஸ் ஸ்டாண்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாள் முழுக்க ஒடுங்கி நிற்கிறவர், சாக்கடை அள்ளுகிற இருவர். ஒருவருக்கும் மூக்கும் முழியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. கை முறம் அகலம். முதுகெல்லாம் வெட்டும் குழியும். வாய் மட்டும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும், கத்துகிற மாதிரி.

நாங்கள் குன்னூரில் பட்டறை வைத்திருக்கிறோம். மாமனார் காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து மேலே வந்த குடும்பம். தேயிலை ஃபேக்டரிகளில் இலையைச் சுருட்டுவதற்கு ரோலர் மிஷின் உண்டு. அதன் தண்டு சுற்றுகிற இடத்தில் வெண்கல வளையம் ஒன்று போட்டிருப்பார்கள். புஷ் என்று சொல்வோம். சுற்றிச் சுற்றி அது தேய்ந்துபோகும். தேய்ந்ததை உருக்கிப் புதிதாக வார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். உலையும் வார்ப்பும் என் பொறுப்பு, லேத்தில் கடைவது அவர் பொறுப்பு. ஆரம்பத்தில், பொம்பளை உலை முன்னால் நிற்பதா என்று பேசியவர்கள் உண்டு. என் வாய்க்குப் பயந்து பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் அங்கே சிற்பக் கண்காட்சி. மூட்டை தூக்குகிறவர்கள், கையேந்துகிறவர்கள், தரையில் சுருண்டு கிடக்கிறவர்கள். யாரையும் உள்ளது உள்ளபடி செய்திருக்கவில்லை. செய்தவருக்கு மனசில் என்ன பட்டதோ அதற்குத் தக்கபடி உடம்பை முறுக்கி, நசுக்கி, இழுத்து நீட்டியிருந்தார். அவர் விரல் அழுத்திய தடம்கூட அப்படியே இருந்தது. எக்ஸ்பிரஷனிசம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெயர் எனக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. காவலுக்கு இருந்தவரிடம் போய், "ஏனுங்க, இதெல்லாம் என்ன சரக்குங்க?" என்று கேட்டேன்.

"வெண்கலங்க" என்றார்.

அந்த இடத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். தினமும் என் கையால் உருக்கி ஊற்றுகிற அதே வெண்கலம்! இத்தனை வருடமாக அதை வளையம் வளையமாகவே வார்த்துக்கொண்டிருந்திருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. உடம்பெல்லாம் பரபரத்தது. மழை விட்ட பிறகும் நான் நகரவில்லை. கல்யாணச் சாப்பாடு போனதை வீட்டுக்காரர் இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கேட்டுக் கேட்டும் கெடுத்துக் கெடுத்தும் கற்றுக்கொண்டேன். ஐந்து சிலைகள் தேறின. போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்கு அவற்றைக் கேட்டார்கள். ஆறாவதாக ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். யாரைச் செய்வது என்று நான் தேடிக்கொண்டிருந்த சமயத்தில், ஆறாவது ஆள் இலை வெட்டும் கத்தரிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

இப்போதெல்லாம் கொழுந்தைக் கையால் கிள்ளுவதோடு கத்தரியாலும் வெட்டுகிறார்கள். கத்தரி மழுங்கினால் தீட்ட எங்களிடம் வரும். கட்டபெட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு அக்கா, தன்னோடு வேலை செய்யும் பெண்களின் கத்தரிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவார். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் இங்கே அவருக்குப் பெயர் சிலோன்காரம்மா. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

தீட்டி முடிக்க ஒரு மணி நேரமாகும். ஸ்டூலை இழுத்துப் போட்டாலும் உட்கார மாட்டார். சுவரோரமாக நின்றுகொண்டேயிருப்பார். அன்றைக்கு நான் மண் சலித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இல்லை. கிள்ளுகிறது, திருப்புகிறது, விடுகிறது. மறுபடி கிள்ளுகிறது. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார், விரல் தன்பாட்டுக்குக் கொழுந்து எடுக்கிறது. சல்லடையைக் கீழே போட்டுவிட்டேன்.

"அக்கா, உங்கள நான் சிலையா செய்யட்டுங்களா?"

"என்னயவா? எதுக்கும்மா?"

உள்ளறைக்குக் கூட்டிப்போய் மற்ற ஐந்தையும் காட்டினேன். வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "நல்லாப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அப்பறம் எங்களச் சொல்லப்படாது" என்றார். அந்த அக்கா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்தார். பயந்த மாதிரி தெரியவில்லை. "பாவம், யாரு பெத்த புள்ளைகளோ" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"கூடையத் தூக்கிக்கிட்டு நிக்க மாட்டேம்மா. டீத்தூள் பாக்கெட்டுல நிக்கிறோம், செவுத்துல எழுதுற படத்துல நிக்கிறோம். காலையில பேர் குடுக்க நிக்கிறோம், மலையில நிக்கிறோம், தராசுகிட்ட நிக்கிறோம். என்னய உக்கார வையுங்க."

"சரிங்க அக்கா."

"இன்னொன்னு. வர்ற மாசக் கடைசியோட எனக்கு வேல முடியுது. எஸ்டேட்டுல தந்த லைன் வீட்டக் காலி பண்ணிக் குடுக்கணும். திருப்பூருக்கு மக வீட்டுக்குப் போறேன். போறதுக்கு முன்னாடி நான் அதக் கண்ணால பாத்துறணும்."

ஏன் அவ்வளவு கட்டாயம் என்று கேட்டேன். நான் எதையும் கேட்காமல் விடுகிற ஆளில்லை.

"சிலோன்லயிருந்து வரும்போது லயத்த, அதான் அங்கத்த லைன் வீட்ட, விட்டு எறங்கினோம். மறுநாளே நாங்க குடியிருந்த காம்பராவுல வேற ஆளு. நாங்க இருந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்ல. இங்கயும் சாவியக் குடுத்துட்டா அம்புட்டுதான். எங்கயாச்சும் நான் இருந்தேன்னு ஒன்னு இருக்கட்டுமே."

ஏழு வாரம் இருந்தது. போதும் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு என்றைக்குமே யோசனை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். உட்கார வைக்கத்தான் படாத பாடு பட்டேன். ஸ்டூலின் நுனியில் ஒட்டினாற்போல் உட்காருவார். வீட்டுக்காரர் ஸ்பேனர் எடுக்க உள்ளே வந்தால் விருட்டென்று எழுந்துவிடுவார். "உக்காருங்க, உக்காருங்க" என்று அவர் பதறுவார், அவர் பதறுவதைப் பார்த்து இவர் இன்னும் நிமிர்ந்து நிற்பார். கடைசியில் ஞாயிறு காலையில் பட்டறைப் பக்கமே வரக் கூடாது என்று வீட்டுக்காரருக்குத் தடை போட்டேன். சொந்தப் பட்டறைக்குள் போகப் பெண்டாட்டியிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறதே என்று புலம்பிக்கொண்டே டீக்கடைக்குப் போனார். மூன்றாவது வாரம்தான் அந்த அக்கா முதுகைத் தளர்த்திச் சாதாரணமாக உட்கார்ந்தார். முழங்காலை லேசாக அகட்டி, ஒரு கையை மடியில் போட்டு, இன்னொரு கையைத் தொடை மேல் கவிழ்த்து. ஐயோ, அந்த இருப்பு!

வெண்கலச் சிலைக்கு முதலில் மெழுகில் உருவம் செய்ய வேண்டும். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சினால் கைக்குப் பதமாக வரும். ஆனால் இது குன்னூர். காலைக் குளிரில் மெழுகு விறைத்துப்போகும். வெந்நீர்ச் சட்டியில் முக்கி முக்கி எடுத்து, வெயில் வரும் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு செய்தேன். செய்து முடித்த மெழுகின் மேல் மண் பூசிக் காய வைத்து, சுட்டு, உள்ளே இருக்கும் மெழுகை உருக்கி வெளியே விட்டுவிட்டு, அந்தப் பள்ளத்தில் வெண்கலத்தை ஊற்றுவோம். மெழுகு ஒன்றுதான், ஒரு தடவைதான் ஊற்றலாம். கெட்டால் எல்லாம் போச்சு.

ஒன்றரை அடி உயரத்துக்கு வந்தது. முதுகைக் கத்தியால் கீறிக் கீறிக் குழித்தேன். தோளில் மெழுகை அப்பி அப்பி முண்டு முண்டாக விட்டேன். புடவை மடிப்பெல்லாம் வெட்டுப்பட்ட மாதிரி. கை இரண்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரிது. வாயைத் திறந்து வைத்தேன், ஒரு பெரிய கத்தல். நான்காவது ஞாயிறு அதைப் பார்த்தபோது, இதுவரை செய்ததிலேயே இதுதான் என்று தோன்றியது. குதித்தேன் என்றே சொல்லலாம்.

அன்றைக்குத்தான் ஃபேக்டரியிலிருந்து போன். ரோலர் நின்றுவிட்டது, புஷ் உடனே வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் டீக்கடையில் போனை எடுக்கவில்லை. "அக்கா, நான் போயிட்டு வந்தர்றேன், இருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வெலிங்டன் தாண்டி லாரி ஒன்று குறுக்கே நின்று வழி மறித்ததில் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் முதலில் எனக்குப் புரியவில்லை. சிலை இளைத்திருந்தது. தோளில் முண்டு இல்லை. தலையில், புடவையில், மடியில், ஸ்டூலின் காலில், நான் அப்பி விட்ட மேடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் சமமாக இருந்தது. வாய் மூடியிருந்தது. அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் விரித்த முந்தானையில் இரண்டு கைப்பிடி மெழுகுத் துணுக்குகள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?" என்று கத்தினேன். பட்டறைத் தகரம் அதிர்ந்திருக்கும்.

அவர் எழுந்து நின்றார். "கரடு கரடா நின்னுச்சும்மா. வெயிலுக்கு வேற எளகிருச்சா, கை தன்னால போயிருச்சு. மட்டம் பண்ணிட்டேன்."

"யாரு உங்கள மட்டம் பண்ணச் சொன்னாங்க? இது என்ன உங்க எஸ்டேட்டா? தெரியாத வேலையில எதுக்குக் கைய வெக்கறீங்க? போங்க, எந்திரிச்சுப் போங்க!"

ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தவரை எழுந்து போ என்று விரட்டினேன். மெழுகுத் துணுக்குகளை ஒன்று சிந்தாமல் மேசை மேல் கொட்டினார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். தீட்டி வைத்திருந்த கத்தரிச் சாக்கைக்கூட எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் பட்டறைக்குள் சாமான்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். கோபம் தீர்ந்த பிறகு, எதையாவது தேற்ற முடியுமா என்று மெழுகை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். தேயிலைச் செடியின் மேல்பக்கம் மேசைப் பலகை மாதிரி சமமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எது தலைதூக்கினாலும் கொழுந்து எடுக்கிறவர்கள் ஒடித்து எறிவார்கள். முற்றின இலை, கோணல் குச்சி எதையும் விட மாட்டார்கள். அதைத்தான் அந்த விரல்கள் செய்திருந்தன. கிள்ளிய இடம் ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகம் பதிந்து, சின்னதாக ஒரு திருகல். தோளில், முதுகில், தொடையில், பாதத்தில் எல்லாம் அதே தடம். நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே வேகம். நாற்பது வருட வேலை அப்படியே அந்த மெழுகின் மேல் உட்கார்ந்திருந்தது. நான் கத்தியால் கீறி வைத்த கீறல்களில் மிச்சம் இருந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சும்மா வேஷம் கட்டின மாதிரி இருந்தது.

"ஏனுங்க! ஏனுங்க! ஓடி வாங்க!" என்று வாசலுக்கு ஓடி அலறினேன். ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். சிலையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பாமல் குனிந்து கிட்டத்தில் பார்த்தார்.

"அம்மிணி, இது அவங்களேதான்" என்றார்.

"ஆமாங்க! அவங்களேதான்! அவங்களத்தான் நான் தொரத்தி உட்டுட்டேன்."

அந்த வாய் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. கிள்ளி எடுத்த துணுக்கு ஒன்றை உருட்டி உதட்டுக்கு நடுவே வைத்து, விரலால் ஒத்தி மூடியிருந்தார். வேண்டுமென்றே செய்தது அது. மறுநாள் சாயங்காலம் கத்தரிச் சாக்கை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினேன்.

லைன் வீட்டு வாசலில் இப்போதே அட்டைப் பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சாமான் கட்ட ஒத்தாசைக்கு இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அக்கா வாசலுக்கு வந்து நின்றார். முகம் சுண்டியிருந்தது.

"கோவத்துல பேசிட்டனுங்க அக்கா. என்னைய மன்னிச்சுக்குங்க" என்றேன். நான் மன்னிப்புக் கேட்டதை என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் ஊருக்கே சாப்பாடு போட்டிருப்பார்.

"நீங்க ஏம்மா? நான்தான் கெடுத்துப்புட்டேன்."

"கெடுக்கலீங்க. அத அப்பிடியேதான் வார்க்கப் போறேன். கிள்ளுன எடம் ஒன்னையும் தொட மாட்டேன். ஆனா வாய எதுக்குங்க மூடுனீங்க?"

கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். "எனக்கு முன்னாடி ரெண்டு பல்லு இல்லம்மா. தொறந்து வெச்சா ஊரே பாக்கும்ல?"

நானும் சிரித்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை. கத்துகிற மாதிரி இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்கு உறைக்கும், நீங்கள் பட்ட கஷ்டம் தெரியும் என்று வாதாடினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் எப்பம்மா கத்துனேன்? கத்தியிருந்தா என்னைக்கோ லைன விட்டு வெளியேத்தியிருப்பாக. வாய மூடிக்கிட்டுத்தான் ரெண்டு புள்ளைகள ஆளாக்குனேன். கத்துறவ வேற யாரோ. அவ நான் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளறையில் இருக்கும் ஐந்து பேருக்கும் வாயைத் திறந்து வைத்தவள் நான். ஒருவரிடமும் போய், நீங்கள் கத்துவீர்களா என்று கேட்டதில்லை. அந்தக் கத்தல் முழுக்க என்னுடையது. எனக்குத்தான் கத்திப் பழக்கம்.

"சரிங்க, வாய் மூடியே இருக்கட்டும். கையும் சிறுசு பண்ணோணுங்களா?"

தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். "வேணாம். கை பெருசுதான்" என்றார்.

அதன் பிறகு ஓட்டம்தான். மூன்று வாரம்கூட இல்லை. பவானி ஆற்று வண்டலை மேட்டுப்பாளையத்திலிருந்து மூட்டையில் வரவழைத்து, சாணமும் உமிக்கரியும் சேர்த்து அரைத்து முதல் பூச்சு பூசினேன். நேரம் பார்த்துப் பனி இறங்கிவிட்டது. நான்கு நாளாக வெயிலின் முகமே தெரியவில்லை. மண் காயவே இல்லை. ஈர மண்ணில் கொதிக்கிற வெண்கலத்தை ஊற்றினால் வெடித்துச் சிதறும், ஆளும் மிஞ்சாது. அடுப்படியில் வைத்துப் பார்த்தேன், விசிறியைப் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். தேதியைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரர்தான் சொன்னார். "ஃபேக்டரியில ட்ரையர் ஓடுதல்ல?"

அந்த மனுஷனை அன்றைக்குக் கட்டிக்கொண்டேன். தேயிலையைக் காய வைக்கிற ட்ரையர் ஓடும் கூடத்தில் மழைக்காலத்திலும் ஈரம் இருக்காது. அந்த அக்காவின் எஸ்டேட் இலை போகிற ஃபேக்டரியிலேயே கேட்டோம். ட்ரையர் பார்க்கிறவர் தலையைச் சொறிந்தார். யாருடைய சிலை என்று சொன்னதும், "அந்தக்காவா?" என்று கேட்டுவிட்டு மூலையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பூச்சுக்கு மேல் பூச்சாக ஒன்பது நாள் அங்கேயே போய்ப் பூசினேன். மெழுகு இளகாத தூரத்தில், மண் காய்கிற தூரத்தில். அச்சைத் திரும்பக் கொண்டுவந்தபோது பட்டறை முழுக்கத் தேயிலை வாசம்.

அக்கா கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் ஊற்றினோம். அந்த ஃபேக்டரியிலிருந்து வந்த தேய்ந்த புஷ்களாகவே பொறுக்கி மூசையில் போட்டேன். கரிமண் பாத்திரம் அது, உலைக்குள் சிவந்து நிற்கும். பச்சையும் ஆரஞ்சுமாகத் தீ எழும்பி, உள்ளே வெண்கலம் தளும்ப ஆரம்பித்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மெழுகு வடிந்து சுட்ட அச்சைக் குழியில் புதைத்து ஊற்றுவாயை மட்டும் மேலே விட்டிருந்தோம். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூசையைத் தூக்கினோம். ஊற்றும்போது நிறுத்தக் கூடாது. நின்றால் சிலையில் கோடு விழும். "உடாதீங்க! உடாதீங்க!" என்று நான் கத்திக்கொண்டேயிருக்க, உலோகம் உள்ளே போனது, போனது, போய்க்கொண்டேயிருந்தது. மறுபக்கம் காற்றுத் துளையில் சின்னதாக ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது. நிரம்பிவிட்டது! நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த அக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் வந்தார். சாமானெல்லாம் மருமகன் வண்டியில் முன்னாலேயே போய்விட்டது. தோளில் ஒரு துணிப்பை. கூடவே அவரோடு வேலை செய்த ஆறு பெண்கள், வழியனுப்ப வந்தவர்கள். சாவிக்கொத்தை அன்று காலையில்தான் ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்தாராம். "எண்ணிப் பாத்து வாங்கிக்கிட்டாரு" என்றார்.

சுத்தியலால் மண்ணை உடைத்தேன். முதலில் தலை தெரிந்தது. பிறகு தோள். நகத்தடம் எல்லாம் ஒன்று விடாமல் வந்திருந்தது. மூடிய வாய். தொடை மேல் கவிழ்ந்த பெரிய கை. கீழே வந்தேன். இடது காலில் இரண்டு விரல் வரவில்லை, உலோகம் அங்கே எட்டவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"விடுங்க. அந்தக் காலு மரத்துத்தான் கெடக்கு" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

கரியும் மண்ணுமாக இருந்த சிலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து மேசை மேல் வைத்தேன். அந்த ஆறு பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் ஒருத்தி மெதுவாக, "அக்கா, நீங்க இப்பிடி உக்காந்து நான் பாத்ததே இல்ல" என்றாள். அந்த அக்கா கிட்டே வந்தார். சிலையின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நன்றாக இருக்கிறது என்றாவது நன்றாக இல்லை என்றாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"இத எங்க வெப்பீங்க தங்கச்சி?" என்று கேட்டார்.

"மொதல்ல கோயம்புத்தூர்ல பெரிய ஹால்லங்க அக்கா. நெறையப் பேர் வந்து பாப்பாங்க. அப்பறம் யாராச்சும் விரும்பிக் கேட்டா அவங்க ஊட்டுக்குப் போகும்."

"அவங்க ஊட்டுல எம்புட்டு நாளைக்கு வெச்சிருப்பாங்க?" என்றார். "காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கல்ல?"

வீட்டுக்காரர்தான் முன்னால் வந்து, "இங்கயே இருக்கட்டுங்க. எங்க எடந்தான், சொந்த எடம்" என்றார்.

அந்த அக்கா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பெண்கள் அவசரப்படுத்தினார்கள். எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

கோயம்புத்தூருக்கு ஐந்து சிலைகள்தான் போயின. ஆறாவதைத் தருவதாகச் சொல்லிவிட்டு ஏமாற்றியதாக அங்கே என் மேல் வருத்தம். இருக்கட்டும். திருப்பூரில் மகள் குடியிருக்கும் வாடகை வீட்டை இதற்குள் இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் கேட்டால் காலி பண்ணித்தானே ஆக வேண்டும். அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறார். நான் எடுத்ததும், சௌக்கியமா என்றுகூடக் கேட்க மாட்டார்.

"தங்கச்சி, நான் அங்கதான இருக்கேன்?"

"இங்கதானுங்க அக்கா இருக்கீங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சை எடுப்பார்.